கயாங் ஹேசலும் ஒரு திமிங்கிலக் கதையும்

பெர்த்தில் அக்கா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அக்கா மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, "சித்தி, இதுல ஒருத்தர் திமிங்கிலத்துக்குள்ள குதிக்கிறாரு, படிச்சுக் காட்டு" என்று மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகத்தின் பெயர் 'மமங்'. நூங்கார் மொழியில் திமிங்கிலம் என்று பொருள். திறந்தால் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நூங்கார் வரி ஒன்று, அதற்குச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலம், பிறகு அதையே ஓட்டமாகச் சொல்லும் ஆங்கிலம் என்று ஒரே கதை மூன்று விதமாக வந்தது. நான் மூன்றாவதை மட்டும் படித்துக்கொண்டு போனேன். அவள் விடவில்லை. "மேல இருக்கறதையும் படி." முடிந்தவரை படித்தேன். "டீச்சர் இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்று திருத்தினாள்.

அன்று இரவு அவள் தூங்கிய பிறகு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் படப் புத்தகம்தான், ஆனால் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கூட்டமே இருந்தது. கிம் ஸ்காட், ஐரிஸ் வுட்ஸ், அவர்களோடு 'வெர்லோமின் நூங்கார் மொழி மற்றும் கதைகள் திட்டம்'. படங்கள் வரைந்தது ஜெஃப்ரி ஃபார்மர், ஹெலன் நெல்லி, ரோமா வின்மர். ஒரு குழந்தைப் புத்தகத்துக்கு எதற்கு இத்தனை பேர்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். பதிலைத் தேடிப் போனால் முதலில் எதிரே வந்து நிற்பவர் ஒரு பாட்டி. ஹேசல் பிரவுன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய வரைபடத்தின் இடது கீழ் மூலை நூங்கார் நாடு. ஜெரால்டனுக்குத் தெற்கே தொடங்கி, பெர்த்தைச் சேர்த்துக்கொண்டு, தென்கரையில் எஸ்பரன்ஸ் வரைக்கும் போகும். அந்தப் பக்கம் பயணம் செய்தால் மானிமப், ஜெரமங்கப், ஓங்கரப், கெண்டனப் என்று ஊர்ப்பெயர்கள் 'அப்' என்றே முடிந்துகொண்டு வரும். நமக்கு 'ஊர்', 'பட்டி' மாதிரி அவர்களுக்கு 'அப்', இடம் என்று அர்த்தம். பேசுகிறவர்கள் குறைந்து போனாலும் சாலைப் பலகைகள் எல்லாம் இன்னும் நூங்கார்தான் பேசுகின்றன. தென்கரையில் இருக்கும் ஆல்பனி நகரத்துக்கு நூங்கார் பெயர் கிஞ்சார்லிங், மழையின் இடம். 1826இல் பிரிட்டிஷ்காரர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் முதலில் கொடி நட்ட இடம் அதுதான், பெர்த் அதற்கு மூன்று வருஷம் இளையது.

ஆல்பனிக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள உறவு நீளமானது. குளிர்காலத்தில் தென்கடல் திமிங்கிலங்கள் அங்கே விரிகுடாக்களுக்குள் வந்து குட்டி போடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு வந்தன. கரையிலிருந்து படகில் போய் வேட்டையாடிய குழுக்களில் நூங்கார் ஆண்களும் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கடைசித் திமிங்கில ஆலை 1978இல் மூடப்பட்டதும் ஆல்பனியில்தான். இப்போது அதே இடம் அருங்காட்சியகம். கரையிலிருக்கும் பாறையிலிருந்து ஒருவன் திமிங்கிலத்தின் மூச்சுத் துளைக்குள் குதித்து, உள்ளே உட்கார்ந்து பாடி, அதன் இதயத்தைப் பிழிந்து, கடலோடு போய் வேறொரு கரையில் இறங்கி, புது மனிதர்களைப் பார்த்து, கடைசியில் தன் ஊருக்கே திரும்பி வருகிறான் என்ற கதை இந்தக் கரையில் பிறந்ததில் ஆச்சரியமில்லை.

அந்தக் கதை 2011இல் அச்சாகும் வரை எங்கே இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

1931 வாக்கில் ஆல்பனிக்கு ஓர் அமெரிக்க இளைஞர் வந்தார். பெயர் கெர்ஹார்ட் லேவ்ஸ், சிகாகோவிலிருந்து. மொழியியலில் பெரிய பெயரான எட்வர்ட் சப்பீரின் மாணவர். 1929இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்து ஊர் ஊராகப் போய், அழியும் நிலையில் இருந்த மொழிகளைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டிருந்தார். நூங்கார் மொழியில் அவருக்குக் கதை சொன்னவர்களில் ஃப்ரெடி வின்மர், பாப் ராபர்ட்ஸ் போன்றவர்கள் இருந்தார்கள். மமங் கதையைச் சொன்னவர் ஃப்ரெடி வின்மர். லேவ்ஸ் ஒலிக்குறிகளில், காதில் விழுந்தது விழுந்தபடி எழுதிக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நூங்கார் மொழிக்குச் சொற்பட்டியல்கள் நிறையவே இருந்தன. ஜார்ஜ் ஃப்ளெட்சர் மூர் 1842லேயே லண்டனில் ஒரு சொற்களஞ்சியம் போட்டுவிட்டார். டெய்சி பேட்ஸ் 1904 முதல் அரசாங்கச் சார்பில் கட்டுக் கட்டாகச் சேர்த்தார். ஆனால் சொற்பட்டியலில் மொழி உட்கார்ந்திருக்கும், நடக்காது. தண்ணீர், தீ, கங்காரு, மூக்கு, வா, போ. லேவ்ஸ் எழுதியது முழுக் கதைகள். ஒரு மனிதர் மூச்சு விட்டு, நிறுத்தி, திரும்பத் தொடங்கிச் சொன்ன வாக்கியங்கள். அதனால்தான் அந்தத் தாள்களுக்கு அவ்வளவு மதிப்பு.

அந்த மதிப்பு அவருக்கே கிடைக்கவில்லை. அமெரிக்கா திரும்பிய லேவ்ஸ் படிப்பை முடிக்காமல் கல்வித் துறையை விட்டே போய்விட்டார். தாள்கள் அரை நூற்றாண்டு அவரிடமே கிடந்தன. 1980களில்தான் அவை தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, கான்பராவில் உள்ள பூர்வகுடி ஆய்வு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன.

தாள்கள் தூங்கிய அந்த ஐம்பது வருஷத்தில் கதை சொன்னவர்களின் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு பூர்வகுடிக் குழந்தைக்கும் சட்டபூர்வக் காப்பாளர் பெற்றோர் அல்ல, தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரி. 1915 முதல் 1940 வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஏ. ஓ. நெவில். குழந்தைகள் பிரிக்கப்பட்டு, காரலப், மூர் ரிவர் போன்ற குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 1927 முதல் 1954 வரை பெர்த் நகரின் மையப் பகுதிக்குள் பூர்வகுடிகள் அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது. 1944இல் இன்னொரு சட்டம் வந்தது. பூர்வகுடி ஒருவர் விண்ணப்பித்தால் 'குடியுரிமைச் சான்றிதழ்' தருவார்கள். நிபந்தனைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். நெருங்கிய இரத்த உறவு தவிர்த்து மற்ற பூர்வகுடிகளோடு உள்ள தொடர்பை விட்டிருக்க வேண்டும். ஆங்கிலம் பேசவும் புரிந்துகொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். சொந்த மண்ணில் குடிமகனாக இருக்கச் சொந்தக்காரனை விட்டு வா என்றது அந்தச் சட்டம். இப்படி இருந்தால் எந்தத் தாய் வீட்டுக்கு வெளியே பிள்ளையிடம் நூங்காரில் சத்தமாகப் பேசுவாள்?

இந்தக் காலத்தின் ஆள்தான் ஹேசல் பிரவுன். 1920களின் நடுவில் பிறந்தவர், ராபர்ட்ஸ் குடும்பத்துப் பெண். லேவ்ஸ் ஆல்பனியில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தபோது இவர் சின்னப் பிள்ளை. தென்கரைப் பக்கத்து முகாம்களிலும் பண்ணைகளிலும் வளர்ந்தவர். பட்டம் எதுவும் கிடையாது. ஆனால் யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்த வளைவில் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. 'கயாங்' என்பது தென்கரை நூங்காரில் மூத்த பெண்ணுக்குச் சொல்லும் மரியாதைச் சொல். நாம் 'அப்பத்தா', 'ஆச்சி' என்கிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

எந்த வளைவில் நிறுத்தக் கூடாது என்று சொன்னேன் அல்லவா? ரேவன்ஸ்தார்ப் என்று ஓர் ஊர். அதன் பக்கத்தில் கோக்கனாரப் என்ற பண்ணையில் 1880இல் ஜான் டன் என்ற வெள்ளைக்காரர் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க நூங்கார் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பல நூங்கார் குடும்பங்கள் அந்த ஊர் வழியாகப் போக நேர்ந்தால் நிற்காமல் போய்விடுவார்கள். இதையெல்லாம் அரசாங்க ஆவணத்தில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதி ஹேசல் போன்றவர்கள் வாயில் இருந்தது. 2015இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள்.

ஹேசலைத் தேடி வந்தவர் கிம் ஸ்காட். 1957இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து எழுத்தாளர் ஆனவர். 'பெனாங்' நாவலுக்காக 2000இல் மைல்ஸ் ஃப்ராங்க்ளின் விருதைப் பகிர்ந்துகொண்டவர், அதைப் பெற்ற முதல் பூர்வகுடி எழுத்தாளர். நூங்கார் வம்சம் என்று தெரிந்தே வளர்ந்தாலும், தன் குடும்பம் எந்த மண்ணைச் சேர்ந்தது, சொந்தக்காரர்கள் யார் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. தேடிக்கொண்டு போய் ஹேசலிடம் நின்றார். ஹேசல் உறவுமுறையைச் சொல்லிவிட்டார். வெர்லோமின் ஆட்கள் நீங்கள் என்றார். வெர்லோ என்பது இரவில் பெண் அழுவது போலக் கத்தும் ஒரு பறவை. கண் பெரிதாக, கால் நீளமாக இருக்கும். நம் ஊர்க் கண்கிலேடிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்தப் பறவையின் பெயரால் அமைந்த கூட்டம் வெர்லோமின்.

இருவரும் சேர்ந்து 2005இல் 'கயாங்கும் நானும்' என்ற பொருள்படும் ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஹேசல் ஒலிநாடாவில் பேசியது அப்படியே ஒரு பகுதி, கிம் ஸ்காட் யோசித்து எழுதியது அடுத்த பகுதி. பாட்டியின் பேச்சை எழுத்தாளர் எங்கேயும் 'அழகாக' மாற்றவில்லை. அவர் சொன்னது ஆவணத்தோடு ஒத்துப்போகாத இடங்களில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். வாசிக்கிறவர் யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி லேவ்ஸ் தாள்களுக்கு வருவோம். கான்பராவுக்கு வந்த தாள்களை என்ன செய்வது? சுலபமான வழி ஒன்று உண்டு. மொழியியலாளர் ஒருவர் படித்து, மொழிபெயர்த்து, அடிக்குறிப்போடு தடிமனாக அச்சிட்டுவிடலாம். உலகத்துக்கு நல்லது, ஆய்வுக்கும் நல்லது. அப்படிச் செய்யவில்லை. கதை சொன்னவர்களின் குடும்பங்களைத் தேடினார்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்து மொழியியலாளர்களும் நூங்கார் குடும்பங்களும் உட்கார்ந்து ஒரு நடைமுறை வகுத்தார்கள். இந்தத் தாள்களை என்ன செய்யலாம், யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது அந்தக் குடும்பங்கள்தான் என்றது அந்த நடைமுறை.

பிறகுதான் வெர்லோமின் திட்டம். மூத்தவர்களையும் பிள்ளைகளையும் ஓர் இடத்தில் கூட்டினார்கள். உங்கள் தாத்தா சொன்ன கதை இது என்று அந்தத் தாளின் நகலை அந்தக் குடும்பத்தின் கையிலேயே கொடுத்தார்கள். நூங்காரில் அதைப் படித்துக் காட்டினார்கள். இதைச் சொல்லும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. நினைத்துப் பாருங்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்னாலோ, தவழ்ந்துகொண்டிருக்கும்போதோ உங்கள் அப்பாவோ தாத்தாவோ சொன்ன வாக்கியங்கள், எண்பது வருஷம் கழித்து, அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி, ஒரு காகிதத்தில் உங்கள் கையில்.

இங்கேதான் ஹேசல் போன்றவர்களின் வேலை தொடங்குகிறது. லேவ்ஸ் ஒலிகளை எழுதினார், ஆனால் ஒலி காகிதத்தில் பாதிதான் தங்கும். எங்கே அழுத்தம், எங்கே இழுவை, இந்தச் சொல் கேலியா கோபமா, இந்தக் கதையின் கடற்கரை எந்தக் கடற்கரை என்பதெல்லாம் காதால் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் தெரியும். 'மொழி மீட்பு' என்றால் நாம் அகராதியையும் செயலியையும் நினைக்கிறோம். அங்கே அது ஒரு அறையில் உட்கார்ந்து, ஒருவர் படிக்க, இன்னொருவர் தலையசைத்தோ அசைக்காமலோ இருந்த மணிக்கணக்கான வேலை.

அப்புறம் குடும்பத்து ஆட்களே படம் வரைந்தார்கள். முதலில் கதைகள் தங்களுக்குள்ளேயே சுற்றின. பிறகு பக்கத்துப் பள்ளிகளுக்குப் போய் மூத்தவர்களும் இளையவர்களும் சேர்ந்து சொன்னார்கள். இதெல்லாம் ஆன பிறகுதான் பதிப்பகம். 2011இல் 'மமங்', 'நூங்கார் மம்பரா பக்கிச்' என்று இரண்டு நூல்கள். 2013இல் 'த்வோர்ட் பால் காட்', 'யிரா பூர்ணக் ஞினிஞ்' என்று மேலும் இரண்டு. 2017இல் இன்னும் இரண்டு. நான்காவது நூலின் அட்டையில் கிம் ஸ்காட், ரோமா வின்மரோடு ஹேசல் பிரவுனின் பெயரும் இருக்கிறது. 'மரத்தின் மேலே உட்கார்ந்து' என்று தலைப்புக்கு அர்த்தம். மனைவியால் மரத்தின் உச்சியில் விடப்பட்டு இறங்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் கதை. சிரிப்பு வரும், ஆனால் மன்னிப்பைப் பற்றிய கதை அது.

அட்டைகளில் உள்ள குடும்பப் பெயர்களைப் பாருங்கள். வின்மர், ராபர்ட்ஸ், நெல்லி. லேவ்ஸ் தாள்களில் கதை சொன்னவர்களின் பெயர்களும் அவையே. அக்கா மகளின் புத்தகத்து அட்டையில் ஏன் அத்தனை பேர் என்ற என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. படம் வரைந்த ரோமா வின்மர் குடும்பத்துக் கதையைத்தான் வரைந்திருக்கிறார்.

ஒரு கேள்வி எழலாம், எனக்கும் எழுந்தது. மொழி சாகக் கிடக்கிறது. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் வந்தபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2020இல் வெளிவந்த தேசிய அறிக்கை, எல்லாக் குழந்தைகளும் இயல்பாகக் கற்றுப் பேசும் நிலையில் வலுவாக இருப்பவை 12 மட்டுமே என்றது. நூங்கார் அந்தப் பன்னிரண்டில் இல்லை. இப்படி வீடு எரியும்போது, யார் முதலில் பார்ப்பது, யாரிடம் அனுமதி என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசலாமா? இணையத்தில் போட்டுவிட்டால் ஆயிரம் பேர் கற்றுக்கொள்வார்களே?

கிம் ஸ்காட் இதற்கு எழுதியிருக்கும் பதிலின் சாரம் இது: பறிகொடுத்தவர்கள் மறுபடி அதன் உரிமையாளர்களாக நிற்கும் முன்பே உலகத்துக்குக் கொடுத்துவிட்டால், அது இரண்டாவது முறை பறிபோவது. முதலில் வீட்டுக்குள் பலப்படட்டும், பிறகு வட்டம் வட்டமாக விரியட்டும் என்கிறார். எனக்கு இது முழுக்க ஒப்புமா என்று கேட்டால், தொண்ணூறு சதவீதம் ஒப்பும். மீதிப் பத்து, வட்டம் விரிவதற்குள் மூத்தவர்கள் போய்விடுகிறார்களே என்ற பயம். முதல் தொகுதி நூல்கள் அச்சானபோது, அந்த அறையில் உட்கார்ந்திருந்த எல்லா மூத்தவர்களும் உயிரோடு இல்லை. ஆனாலும் பள்ளியில் அந்த ஆறு வயசுப் பெண்ணுக்கு உச்சரிப்பு சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அந்த ஒலி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும் அல்லவா?

உச்சரிப்பு என்றதும் நம் பக்கத்துக்கு ஒரு விஷயம். நூங்கார் மொழியை ஆங்கில எழுத்தில் எழுதுவது பெரிய ரோதனை. மொழியின் பெயரையே நூங்கார், ஞுங்கர், ஞூங்கா என்று ஐந்தாறு விதமாக எழுதுகிறார்கள். காரணம், ஆங்கிலத்துக்கு வராத மூக்கொலிகள் அதில் உண்டு. 'நான்' என்பதற்கு நூங்காரில் 'ஙாஞ்'. ஆங்கிலேயருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நமக்கு அரிச்சுவடியில் ங, ஞ, ண, ந, ம, ன என்று ஆறும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இன்னொன்று, 'பாட்டு'வின் ப-வுக்கும் 'பாரதி'யின் ப-வுக்கும் நூங்காரில் வித்தியாசம் இல்லை. ஒரே சொல்லை ஒருவர் ஒன்றாகவும் இன்னொருவர் மற்றதாகவும் எழுதுவதால் வரும் குழப்பம் தமிழ் எழுத்தில் வரவே வராது. அக்கா மகளுக்காக 'மமங்'கின் முதல் இரண்டு பக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தேன். அவள் டீச்சரின் ஒலிக்கு நான் கொஞ்சம் பக்கத்தில் போனேன்.

இதைப் படித்ததும் நம் ஆட்களில் சிலர் 'ஙாஞ் – நான், பார்த்தீங்களா!' என்று கிளம்பிவிடுவார்கள் என்று தெரியும். புதுசில்லை. 1856லேயே கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மை, முன்னிலைச் சொற்கள் நம்முடையவற்றைப் போல் இருப்பதைக் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டு ஆய்வில் அந்த உறவு நிறுவப்படவில்லை, இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதும் இல்லை. மரபணுவிலும் அதே கதை. சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆட்கள் போனார்கள் என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது, 2016இல் ஆண்வழி மரபணுவைப் பார்த்த இன்னோர் ஆய்வு அதற்கு ஆதாரமில்லை என்றது. வாட்சப்பில் முதலாவது மட்டும் சுற்றுகிறது. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், நூங்காரில் சூரியனுக்கும் அம்மாவுக்கும் ஒரே சொல், 'ஙாங்க்' என்பது போன்ற அழகெல்லாம் கண்ணில் படுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போனாலும் நம் வீட்டுப் பாத்திரம் அங்கே இருக்கிறதா என்று மட்டுமே பார்த்துவிட்டு வருகிறோம்.

பாத்திரம் என்றதும் என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன் தெற்கே ஒரு கிராமத்தில் ஓர் ஆச்சியிடம் நாலு மணி நேரம் ஒப்பாரிப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். காபி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள். ஊருக்கு வந்து பாட்டுகளைத் தட்டச்சு செய்து இங்கே போட்டேன். நிறையப் பேர் படித்தார்கள். ஓர் ஆய்வேட்டில்கூட எடுத்தாண்டார்கள், பெருமையாக இருந்தது. திரும்ப அந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. ஆச்சி இறந்த பிறகு அவருடைய பேரன் எனக்கு ஒரு வரி எழுதினார்: "எங்க ஆச்சி குரல் உங்கள்ட்ட இருக்கா?" அப்போதுதான் உறைத்தது. பாட்டு என்னிடம் இருக்கிறது, ஆய்வேட்டில் இருக்கிறது, அந்த வீட்டில் இல்லை. ஒலிக்கோப்பைத் தேடி அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன். பழைய கணினி, வேலை, அது இது என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

பெர்த்திலிருந்து திரும்பி வந்த வாரத்தில் பழைய கணினியின் வன்தட்டைக் கழற்றிக் கடையில் கொடுத்தேன். நாலு மணி நேரமும் இருந்தது. ஒரு பென்டிரைவில் போட்டு, பாட்டுகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சேர்த்து அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பேரன் போன் செய்தார். வீட்டில் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்டார்களாம். பின்னணியில் முறுக்குச் சுடும் சத்தம் கேட்பதை அவர் அம்மாதான் முதலில் கவனித்தாராம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்கள்ல?" என்றார். மூன்றாவதாக வரும் பாட்டு, ஆச்சி தன் சின்ன மகன் இறந்தபோது கட்டியது. சாவு வீட்டைத் தவிர வேறெங்கும் அதைப் பாடமாட்டாராம். அன்றைக்கு என்னிடம் எப்படிப் பாடினார் என்று அம்மாவுக்கே புரியவில்லையாம். "அம்மா அத எடுத்துரச் சொன்னாங்க."

எடுத்துவிட்டேன். அந்தப் பழைய பதிவில் இரண்டாம் பாட்டுக்குப் பிறகு நான்காம் பாட்டு வருவது எண் பிழை இல்லை.